கொலம்பிய மாணவரும் வெளிநாட்டுப் பட்டமும்: கணக்கு எங்கே இடிக்கிறது?

2025 ஜனவரி 26 அன்று, நாடு கடத்தப்பட்ட கொலம்பியர்களை ஏற்றிவந்த அமெரிக்க ராணுவ விமானங்களைத் தரையிறங்க விடவில்லை அதிபர் குஸ்தாவோ பெத்ரோ. டிரம்ப் இறக்குமதி வரியைக் காட்டி மிரட்டினார். பொகோட்டாவில் உள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா நேர்காணல்கள் ரத்தாயின. சில நாட்களில் சமாதானம் ஆயிற்று. மே 27-இல் அடுத்தது: உலகம் முழுவதும் மாணவர் விசா நேர்காணலுக்குப் புதிதாகத் தேதி கொடுப்பதை அமெரிக்கா நிறுத்திவைத்தது, ஜூன் 18-இல், விண்ணப்பிப்பவரின் சமூக ஊடகக் கணக்குகளைத் துருவிப் பார்ப்போம் என்ற நிபந்தனையோடு மீண்டும் திறந்தது. இதற்கிடையில் கொலம்பியாவுக்குள்ளேயே அரசுக் கல்விக்கடன் நிறுவனம் வட்டி மானியத்தை நிறுத்தப்போவதாகச் சொன்னது.

இவற்றில் விசாதான் தலைப்புச் செய்தி. ஆனால் விசா மறுக்கப்பட்டால் மாணவருக்கு நஷ்டம் விண்ணப்பக் கட்டணமும் ஓர் ஆண்டும். பெரிய நஷ்டங்கள் நடப்பது வேறு இரண்டு இடங்களில்: கடன் எந்தப் பணத்தில் வாங்கப்பட்டது என்பதிலும், படித்துத் திரும்பியபின் அந்தப் பட்டத்தைக் கல்வி அமைச்சகம் ஏற்கிறதா என்பதிலும். இரண்டையும் புறப்படுவதற்கு முன்பே பார்த்துவிடலாம். பெரும்பாலானோர் பார்ப்பதில்லை.

ஏன் வெளியே போகிறார்கள்

பொதுவான காரணங்கள் எல்லா நாட்டுக்கும் உள்ளவைதான். கொலம்பியாவுக்கென்று உள்ளதை மருத்துவத்தில் தெளிவாகப் பார்க்கலாம்.

1. மருத்துவப் பட்டம் பெற்றவர் சிறப்பு மருத்துவர் ஆக வேண்டுமானால் ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் மேற்படிப்புப் பயிற்சி இடம் வேண்டும். விண்ணப்பிப்போர் கூட்டத்துக்கு முன் இடங்கள் மிகக் குறைவு.

2. 2018-இல் 1917-ஆம் எண் சட்டம் வரும்வரை ரெசிடென்ட் மருத்துவருக்குச் சம்பளம் கிடையாது. இரவும் பகலும் மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டே பல்கலைக்கழகத்துக்குக் கட்டணமும் கட்டினார்கள். லத்தீன் அமெரிக்காவிலேயே இது விசித்திரமான ஏற்பாடு.

3. ஆகவே அர்ஜென்டினா, பிரேசில், மெக்சிகோ, ஸ்பெயின் என்று கிளம்பினார்கள்.

இளங்கலை மாணவருக்கு அர்ஜென்டினாவின் ஈர்ப்பு இன்னும் எளிது. புவனோஸ் ஐரெஸ் பல்கலைக்கழகத்தில் நுழைவுத் தேர்வு கிடையாது; சேர்ந்தபின் ‘சே-பே-சே’ எனப்படும் பொது அடிப்படைச் சுற்றில் ஆறு பாடங்களைத் தேற வேண்டும். கட்டணம் இல்லை. மெர்கோசூர் எனப்படும் தென் அமெரிக்க நாடுகள் கூட்டமைப்பின் குடியிருப்பு ஒப்பந்தத்தில் கொலம்பியாவும் இருப்பதால், அப்போஸ்டில் முத்திரை (ஓர் ஆவணம் வெளிநாட்டிலும் செல்ல, அதை வழங்கிய நாட்டு அரசு தரும் சான்று) பெற்ற குற்றப்பின்னணிச் சான்றும் கடவுச்சீட்டும் இருந்தால் இரண்டு ஆண்டு தற்காலிகக் குடியிருப்பு கிடைத்துவிடும். தனி மாணவர் விசாவுக்கு அலைய வேண்டாம். 2025 மே மாதம் ஹாவியர் மிலேய் அரசு பிறப்பித்த 366-ஆம் எண் ஆணை, நிரந்தரக் குடியிருப்பு அனுமதி இல்லாத வெளிநாட்டினரிடம் கட்டணம் வாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு வழி திறந்தது. வாங்குவதா வேண்டாமா என்பது அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் முடிவு. ‘அர்ஜென்டினாவில் படிப்பு இலவசம்’ என்று ஏஜென்ட் சொல்வதை அப்படியே நம்பக் கூடாத காலம் வந்துவிட்டது.

பதினோராம் வகுப்போடு முடியும் பள்ளி

கொலம்பியாவில் பள்ளிப் படிப்பு 11 ஆண்டுகள். நம்மூர் பிளஸ் டூவோடு ஒப்பிட்டால் ஓர் ஆண்டு குறைவு. கடைசி வகுப்பில் ‘சாபெர் 11’ என்ற தேசியத் தேர்வு, 500 மதிப்பெண்ணுக்கு. 16 வயதிலேயே பள்ளியை முடிப்பவர்கள் உண்டு. 18 நிறையாதவர் தனியாகவோ, தாய் தந்தையரில் ஒருவரோடு மட்டுமோ நாட்டை விட்டுப் போவதானால், உடன் வராத பெற்றோரின் எழுத்துமூல அனுமதி, நோட்டரி சான்றோடு, குடிவரவு மேசையில் காட்டப்பட வேண்டும். விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பப்படுவோரில் இந்தத் தாள் இல்லாதவர்கள் உண்டு.

அந்த ஓர் ஆண்டுக் குறைவு அமெரிக்காவிலும் ஸ்பெயினிலும் பெரிதாகத் தடுப்பதில்லை. ஜெர்மனியில் தடுக்கும். அங்கே இளங்கலையில் நேரடியாகச் சேர பள்ளிச் சான்று மட்டும் போதாது. ‘ஸ்டூடியன்கொல்லெக்’ எனப்படும் ஓராண்டு ஆயத்தப் படிப்பை முடித்துத் தேர்வெழுத வேண்டும்; அல்லது கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் சில காலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். எந்த நாட்டுச் சான்றுக்கு எவ்வளவு மதிப்பு என்பது ‘அனபின்’ என்ற ஜெர்மானியத் தரவுத்தளத்தில் இருக்கிறது. கொலம்பியப் பொறியியல் மாணவர்கள் பலரும் முதல் பட்டத்தை ஊரில் தொடங்கி, இடையில் பரிமாற்றத் திட்டத்தில் ஜெர்மனி போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கடன்: இரண்டு நிறுவனங்கள், இரண்டு விதமான ஆபத்து

கல்விக்கடனைக் கொடுப்பதற்கென்றே ஒரு நிறுவனம் என்ற யோசனை உலகில் முதலில் செயலானது கொலம்பியாவில்தான். அமெரிக்காவின் சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் படிக்கப் பணமில்லாத கப்ரியேல் பெதான்கூர் மெஹியா, ஒரு புகையிலை நிறுவனத்திடம் கடன் கேட்டு வாங்கிப் படித்தார். தன் ஆய்வேட்டிலேயே அந்த ஏற்பாட்டை ஒரு தேசியத் திட்டமாக வரைந்தார். 1950-இல் அது ‘இசெடெக்ஸ்’ என்ற அரசுக் கல்விக்கடன் நிறுவனம் ஆயிற்று. அந்தச் சுருக்கத்தின் கடைசியில் வரும் ‘எக்ஸ்’ ‘வெளிநாடு’ என்பதைக் குறிக்கிறது. வெளிநாட்டுப் படிப்பு அதன் பெயரிலேயே இருக்கிறது. மற்ற நாட்டு அரசுகள் கொலம்பியருக்குத் தரும் உதவித்தொகைகளையும் இதுவே அறிவிக்கிறது; இந்தியாவின் ஐடெக் குறுகியகாலப் பயிற்சி இடங்கள்கூட இந்த வழியாகத்தான் போகின்றன.

1991-இல் தொடங்கிய ‘கொல்ஃபுட்டூரோ’ வேறு மாதிரி. அரசும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் அறக்கட்டளை. முதுகலை, முனைவர் படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 டாலர் வரை, இரண்டு ஆண்டுக்கு 50,000 டாலர் வரை கடன் தரும். பட்டம் வாங்கி, குறித்த காலத்தில் ஊர் திரும்பி, சில ஆண்டுகள் கொலம்பியாவிலேயே தங்கினால் கடனில் ஒரு பங்கு தள்ளுபடி. அடிப்படைத் தள்ளுபடி நெடுங்காலம் பாதிக் கடன் என்றே இருந்தது. வணிக மேலாண்மைப் படிப்புக்கு விகிதம் குறைவு. அரசுப் பணி, ஆசிரியப் பணிக்குப் போனால் கூடுதல். இதைக் ‘கடன்-உதவித்தொகை’ என்று அழைக்கிறார்கள். தள்ளுபடி ஆகும்வரை அது கடன்தான் என்பதை அந்தப் பெயர் பாதி மறைத்துவிடுகிறது.

இனி ஆபத்துக்கு வருவோம்.

1. கொல்ஃபுட்டூரோ கடன் டாலரில். திரும்பி வந்தவரின் சம்பளம் கொலம்பிய நாணயமான பெசோவில்.

2. 2014 நடுவில் ஒரு டாலர் சுமார் 1,900 பெசோ. அப்போது 50,000 டாலர் கடன் என்றால் 9.5 கோடி பெசோ.

3. கொலம்பியாவின் முதன்மை ஏற்றுமதி கச்சா எண்ணெய். அதன் விலை 2014 நடுவில் பீப்பாய்க்கு 100 டாலருக்கு மேல். 2016 ஜனவரியில் 30-க்குக் கீழ். எண்ணெய் விழுந்தபோது பெசோவும் கூடவே விழுந்தது. 2016 தொடக்கத்தில் ஒரு டாலர் ஏறக்குறைய 3,300 பெசோ.

4. அந்த விகிதத்தில் அதே 50,000 டாலர் 16.5 கோடி பெசோ. எல்லா நிபந்தனையும் நிறைவேறிப் பாதி தள்ளுபடி ஆனாலும் மீதி 25,000 டாலர், அதாவது 8.25 கோடி பெசோ.

கடன் வாங்கிய அன்று முழுத்தொகையே 9.5 கோடிதான். பாதி தள்ளுபடி கிடைத்தும், பெசோவில் பார்த்தால் கிட்டத்தட்ட முழுக் கடனும் அப்படியே நிற்கிறது. டாலர் 2020 மார்ச்சில் 4,000 பெசோவைத் தாண்டியது, 2022 நவம்பரில் 5,000-ஐத் தாண்டியது, பிறகு இறங்கியது. தவணை பல ஆண்டு நீள்வதால் இந்த ஏற்ற இறக்கம் ஒவ்வொரு மாதமும் வீட்டுச் செலவில் தெரியும்.

இசெடெக்ஸ் கடனில் இந்த டாலர் பயம் இல்லை, பாக்கி பெசோவில். ஆனால் வட்டி நிலையானது அல்ல. ஆண்டுப் பணவீக்கத்தோடு சில புள்ளிகளைக் கூட்டி வட்டி கணக்கிடப்படும். 2020-இல் பணவீக்கம் 1.61 சதவீதம். 2022-இல் 13.12 சதவீதம். இரண்டே ஆண்டில் வட்டி எங்கிருந்து எங்கே போயிருக்கும் என்று பாருங்கள். அந்த நேரத்தில் அரசு கொடுத்த வட்டி மானியம்தான் தவணையைத் தாங்கிப் பிடித்தது. 2025-இல் நிதிப் பற்றாக்குறையில் அதை நிறுத்துவதாக அறிவித்தபோது ஏன் அத்தனை கூச்சல் என்பதற்கு விடை இதில் இருக்கிறது: மானியம் போனால் கடன் வாங்கியவர் பணவீக்கத்தின் முன் நேராக நிற்கிறார்.

ஆக, டாலர் கடனில் ஆபத்து செலாவணி விகிதத்தில். பெசோ கடனில் ஆபத்து பணவீக்கத்தில். பெசோ விழுந்தால் இறக்குமதிப் பொருள் விலை ஏறி, கொஞ்சம் தாமதமாகப் பணவீக்கமும் ஏறும். எனவே பெசோ கடன் வாங்கியவர் முழுக்கத் தப்பித்தார் என்றும் சொல்ல முடியாது.

விசாவுக்குக் காட்ட வேண்டிய பணம்

இதை வேகமாகக் கடக்கலாம். எண்கள் ஆண்டுதோறும் மாறுபவை.

- ஜெர்மனி: முடக்கப்பட்ட கணக்கில் (மாதாமாதம் ஒரு பகுதி மட்டுமே எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஆண்டுக்கு 11,904 யூரோ (2024 செப்டம்பர் முதல்). ஒரு யூரோ 4,600 பெசோ என்று வைத்தால் சுமார் 5.48 கோடி பெசோ. 2025-இல் கொலம்பியாவின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 14,23,500 பெசோ. 38 மாதச் சம்பளத்தை ஒரே கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும்.

- ஆஸ்திரேலியா: 2024 மே முதல் 29,710 ஆஸ்திரேலிய டாலர் கையிருப்பு. விசாக் கட்டணம் 710-லிருந்து 2024 ஜூலையில் 1,600 ஆனது. அடுத்த ஜூலையில் 2,000. ஆங்கிலம் படிக்கப் போய், இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை பார்த்துச் சமாளிக்கும் கொலம்பிய இளைஞர்களுக்கு விழுந்த நேரடி அடி இது.

- கனடா: கொலம்பியர்களுக்கும் இருந்த விரைவு விண்ணப்ப வழி 2024 நவம்பர் 8-இல் மூடப்பட்டது.

- பிரிட்டன்: 2022 நவம்பரில் சுற்றுலா விசா நீக்கப்பட்டது, 2024 நவம்பர் 26-இல் திரும்பவும் போடப்பட்டது. விசா இல்லாமல் போய் ஆறு மாதத்துக்குள் குறுகிய ஆங்கில வகுப்பு முடிக்கும் வழி அதோடு போயிற்று.

ஐரோப்பாவின் பொது விசாப் பகுதியான ஷெங்கன் நாடுகளுக்கு 2015 டிசம்பர் 3 முதல் கொலம்பியருக்கு விசா வேண்டாம் என்பது அடிக்கடி குழப்பும் செய்தி. அது 180 நாளில் 90 நாள் தங்குவதற்கு. ஒன்பது மாத முதுகலைக்கு அது செல்லாது. மாணவர் விசா கட்டாயம்.

கொன்வலிதாசியோன்: பட்டம் ஊருக்கு வரும் வழி

வெளிநாட்டுப் பட்டத்துக்குக் கொலம்பியாவில் சட்ட மதிப்புக் கொடுக்கும் நடைமுறையின் பெயர் கொன்வலிதாசியோன். கொடுப்பது கல்வி அமைச்சகம். இப்போதைய விதிகளின் அடிப்படை 2019-இன் 10687-ஆம் எண் தீர்மானம்.

முதலில், இது யாருக்குத் தேவை? மென்பொருள் நிறுவனமோ விளம்பர நிறுவனமோ இதைக் கேட்பது அரிது. மருத்துவர், வழக்கறிஞர், பொறியாளர், கணக்காளர் போன்ற சட்டத்தால் ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களுக்குக் கட்டாயம். அரசு வேலைப் போட்டித் தேர்வில் அந்தப் பட்டத்தைக் கணக்கில் சேர்க்கவும், அரசுப் பல்கலைக்கழகப் பேராசிரியருக்குப் பட்டத்துக்கான சம்பளப் புள்ளி ஏறவும் வேண்டும். மருத்துவருக்கு இது இல்லாவிட்டால் ‘ரெத்துஸ்’ என்ற தேசியப் பதிவேட்டில் சிறப்பு மருத்துவராகப் பெயர் ஏறாது.

அமைச்சகம் மூன்று வழிகளில் பார்க்கிறது:

1. தரச்சான்று வழி. படித்த பல்கலைக்கழகமோ பாடத்திட்டமோ அந்த நாட்டில் தரச்சான்று பெற்றிருந்தால். கெடு 60 நாள்.

2. முன்னுதாரண வழி. அதே பட்டம் முன்பு மதிப்பீட்டில் தேறியிருந்தால். 120 நாள்.

3. கல்வி மதிப்பீட்டு வழி. மேற்படி இரண்டும் பொருந்தாவிட்டால் துறை வல்லுநர் குழு பாடத்திட்டம், மணிநேரம், ஆய்வேடு எல்லாவற்றையும் கொலம்பியப் படிப்போடு ஒப்பிடும். 180 நாள்.

நாள் என்பது காலண்டர் நாள். ஆவணத்தில் குறை இருந்தால் கேள்வி வரும். பதில் போகும்வரை காத்திருப்பு நீளும்.

எல்லாவற்றையும் விட அதிகம் பேரைக் கவிழ்த்தது ஸ்பெயினின் இரட்டைப் பட்ட முறை. அங்கே ஒரே பல்கலைக்கழகம் இரண்டு வகை ‘மாஸ்டர்’ நடத்தலாம். ஒன்று ‘தித்துலோ ஓஃபிசியால்’, அரசு அங்கீகரித்த பட்டம். மற்றது ‘தித்துலோ புரோப்பியோ’, பல்கலைக்கழகம் தன் பெயரில் மட்டும் கொடுப்பது. இரண்டுக்கும் ஒரே வளாகம், சில சமயம் ஒரே ஆசிரியர்கள். விளம்பரத்தில் இரண்டுமே ‘மாஸ்டர்’தான். 2015-இன் 1753-ஆம் எண் சட்டம், அதாவது அப்போதைய கொலம்பிய அரசின் தேசிய வளர்ச்சித் திட்டச் சட்டம், புரோப்பியோ வகைப் பட்டங்களுக்குக் கொலம்பியாவில் அங்கீகாரத்தை நிறுத்தியது. ஏற்கனவே சேர்ந்திருந்தவர்களுக்கு மட்டும் இடைக்கால விலக்கு. அதற்குப் பிறகும் தெரியாமல் சேர்ந்தவர்கள் ஏராளம்.

வித்தியாசத்தைச் சான்றிதழின் முதல் வரியிலேயே பார்க்கலாம். அதிகாரப் பட்டம் ‘ஸ்பெயின் அரசர் ஆறாம் ஃபெலிப்பே, அவர் பெயரால் இப்பல்கலைக்கழக ரெக்டர்’ என்று தொடங்கும் (ரெக்டர் என்பவர் பல்கலைக்கழகத் தலைவர்). புரோப்பியோ பட்டத்தில் அரசர் இல்லை, ரெக்டர் மட்டும். ஆனால் சான்றிதழைக் கையில் வாங்கியபின் கண்டுபிடித்து என்ன பயன்? சேர்வதற்கு முன்பே ‘ருக்த்’ என்ற ஸ்பெயின் அரசுப் பதிவேட்டில் படிப்பின் முழுப்பெயரைத் தேட வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் அங்கே இருப்பது போதாது. படிப்பின் பெயரும் இருக்க வேண்டும். மெக்சிகோவில் தனியார் கல்வி நிலையங்களுக்கு இதே வேலையைச் செய்வது ‘ரெவோயெ’ என்ற அரசு ஏற்பு எண். அதுவும் படிப்புவாரியாகத் தரப்படுவது.

அடுத்த சிக்கல் காகிதங்களில். வரிசை முக்கியம்:

1. பட்டம் எந்த நாட்டில் வழங்கப்பட்டதோ அந்த நாட்டில்தான் அப்போஸ்டில் வாங்க வேண்டும். கொலம்பியா 2001 ஜனவரி 30 முதல் ஹேக் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது. கொலம்பிய வெளியுறவு அமைச்சகம் இணையத்திலேயே அப்போஸ்டில் தருகிறது. ஆனால் அது கொலம்பிய ஆவணங்களுக்கு. மட்ரிடில் வாங்கிய பட்டத்தோடு பொகோட்டா வந்து இறங்கியபின் இதை அறிபவர், ஸ்பெயினில் யாரையாவது பிடித்து அனுப்பிவைக்க வேண்டியதுதான்.

2. ஸ்பெயின் பட்டத்துக்கு நேராக அப்போஸ்டில் கிடையாது. முதலில் கையொப்பங்களைக் கல்வித் துறை சரிபார்த்து முத்திரையிட வேண்டும், அதன்பிறகே அப்போஸ்டில்.

3. மதிப்பெண் பட்டியலுக்குத் தனி அப்போஸ்டில். பட்டத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு இதை மறப்பவர்கள் அதிகம்.

4. ஸ்பானிய மொழியில் இல்லாத ஆவணத்துக்கு அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பாளரின் மொழிபெயர்ப்பு. அப்போஸ்டில் வாங்கியபின் மொழிபெயர்த்தால் முத்திரையும் சேர்ந்து மொழியாகும்.

ஸ்பெயினில் அசல் பட்டம் அச்சாகி வர மாதக்கணக்கில், சில சமயம் ஓர் ஆண்டுக்கு மேலும் ஆகும். இடைக்காலத்துக்குத் தற்காலிகச் சான்று கொடுப்பார்கள். கொல்ஃபுட்டூரோவின் திரும்பும் கெடு ஒருபக்கம் ஓட, அசல் பட்டம் இன்னொரு கண்டத்தில் அச்சில் கிடக்கும்.

துறைசார்ந்த கூடுதல் சான்றுகளும் உண்டு. சிறப்பு மருத்துவர் பயிற்சிக் காலத்தில் செய்த அறுவை, சிகிச்சை எண்ணிக்கைப் பதிவேட்டைப் பல்கலைக்கழகம் சான்றளித்துத் தர வேண்டும். இதைப் பயிற்சியின்போதே மாதாமாதம் எழுதிக் கையொப்பம் வாங்காதவர், ஆண்டுகள் கழித்து அந்த மருத்துவமனைக்குக் கடிதம் மேல் கடிதம் போட வேண்டிவரும். பிரேசிலில் பெற்ற சில சான்றுகளை வைத்து அழகியல் அறுவை செய்தவர்கள் பற்றிய விவகாரம் 2016-ஐ ஒட்டி வெடித்தபின் மருத்துவக் கோப்புகளை அமைச்சகம் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டுதான் பார்க்கிறது. சட்டப் பட்டதாரிக்கு வேறு சிக்கல்: வெளிநாட்டுச் சட்டம் படித்தவர் கொலம்பியச் சட்டப் பாடங்களைத் தனியாகத் தேறிய சான்று காட்ட வேண்டும். இது நியாயமும்கூட.

கெடு தவறினால், மறுப்பு வந்தால்

அமைச்சகம் தன் கெடுவையே தாண்டுவது வாடிக்கை. அப்போது மாணவர் கையில் எடுப்பது ‘தூத்தெலா’ என்ற அடிப்படை உரிமை மனு. 1991 அரசமைப்பின் 86-ஆம் பிரிவு தரும் இந்த மனுவை வழக்கறிஞர் இல்லாமலே எழுதிப் போடலாம். நீதிபதி 10 நாளில் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் இதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும்: ‘பதில் சொல்’ என்றுதான் நீதிமன்றம் வழக்கமாக உத்தரவிடும்; ‘பட்டத்தை ஏற்றுக்கொள்’ என்று அல்ல. அவசரப்படுத்தப்பட்ட கோப்புக்கு மறுப்பே பதிலாக வருவதும் நடக்கும்.

மறுப்பு வந்தால் அதே அதிகாரியிடம் மறுபரிசீலனையும் மேலதிகாரியிடம் மேல்முறையீடும் கேட்கலாம். 2011-இன் நிர்வாக நடைமுறைச் சட்டப்படி அவகாசம் 10 வேலை நாள். எண்ணிக்கை, முடிவு தெரிவிக்கப்பட்ட நாளுக்கு மறுநாளிலிருந்து. முடிவு வருவது விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலுக்கு. பலர் அங்கே கொடுத்திருப்பது படித்த பல்கலைக்கழகம் தந்த முகவரி. படிப்பு முடிந்த சில மாதங்களில் அது மூடப்பட்டுவிடுகிறது.